விளையாட்டில் வளரும் பேச்சு

வகுப்பில் பேசாமல் இருக்கும் குழந்தை பெரும்பாலும் நம் கவனத்துக்கு வருவதில்லை. சண்டை போடாது, குறுக்கே பேசாது, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'அமைதியான பிள்ளை' என்று நற்பெயரும் வாங்கிவிடும். மூன்றாம் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கும்போதுதான், இந்தக் குழந்தை ஒரு முழு வாக்கியம் பேசி நாம் கேட்டதே இல்லையே என்பது நினைவுக்கு வருகிறது. அதற்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்திருக்கும்.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக இருப்பதால், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். ஒரு குழந்தையோடு வாரத்தில் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் செல்லும் குழந்தைக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான் கிடைக்கிறது. அதே குழந்தை வாரத்தில் ஐந்து நாளும் உங்களோடு இருக்கிறது. தன் வயதுப் பிள்ளைகள் இருபது முப்பது பேரோடு இருக்கிறது. நீச்சல் தண்ணீரில்தான் வரும். பேச்சு பேசும் இடத்தில்தான் வரும். பயிற்சி அறையில் கற்றதைக் குழந்தை தன் பேச்சாக ஆக்கிக்கொள்ளும் இடம் வகுப்பறை.

இதற்குத் தனிக் கருவியோ தனிப் பாடவேளையோ வேண்டியதில்லை. நாம் ஏற்கெனவே நடத்தும் பாடல், கதை, விளையாட்டு ஆகியவற்றைச் சற்று மாற்றி அமைத்தால் போதும். எதை, எதற்காக, எப்படி மாற்றுவது என்பதைப் பார்ப்போம்.

பேச்சு வேறு, மொழி வேறு

'பேச்சு சரியில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று பேச்சு. ஒலிகளைத் திருத்தமாக ஒலிப்பது, தடையின்றிப் பேசுவது, குரலின் தன்மை ஆகியவை இதில் அடங்கும். 'காக்கா' என்பதைத் 'தாத்தா' என்று சொல்லும் குழந்தைக்குச் சொல் தெரியும், பொருள் தெரியும். க என்ற ஒலிதான் வரவில்லை. திக்கும் குழந்தைக்கும் சொல்ல வேண்டியது என்னவென்று நன்றாகத் தெரியும்.

மற்றொன்று மொழி. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது, சொற்களைத் தேடி எடுப்பது, வாக்கியமாகக் கோப்பது, நடந்ததை வரிசையாகச் சொல்வது ஆகியவை இதில் வரும். ஒலிகள் எல்லாம் தெளிவாக இருந்தும், 'நேற்று என்ன செய்தாய்?' என்ற கேள்விக்கு 'கடை… அப்பா… மிட்டாய்' என்று நிற்கும் குழந்தைக்கு மொழியில் உதவி தேவை.

இந்த வேறுபாடு தெரிந்தால்தான் பொருத்தமான விளையாட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒலிச் சிக்கல் உள்ள குழந்தைக்குச் சொல் அட்டைகளை அடுக்கிக் காட்டுவதால் பயனில்லை. சொல்வளம் குறைந்த குழந்தையை 'ழ சொல்லு, ழ சொல்லு' என்று வற்புறுத்துவதும் அப்படித்தான்.

ஒலிகள் வரும் வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உதடு சேர்ந்தால் பிறக்கும் ம, ப போன்றவை முதலில் வருகின்றன. ர, ழ போன்றவை பிந்தியே வருகின்றன. இதற்கான காரணத்தைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே காணலாம். நா நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடும்போது ர, ழ பிறக்கின்றன என்று அது விளக்குகிறது. சிறு நாக்குக்கு அது நுட்பமான வேலை. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான ஒலிகள் பழகிவிடும். கடினமான சில ஒலிகளுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகலாம். முதல் வகுப்புக் குழந்தை ழகரத்தில் தடுமாறுவது கவலைக்குரியதன்று. அதே வயதில் கவையும் சவையும் தவாகச் சொல்லி, வீட்டார் தவிர வேறு யாருக்கும் புரியாமல் பேசினால் கவனிக்க வேண்டும்.

வட்டார வழக்கு குறைபாடு அன்று

தென்மாவட்டக் குழந்தை 'வாளப்பளம்' என்கிறது. வட மாவட்டங்களில் சில குழந்தைகள் 'வாயப்பயம்' என்கின்றன. இவை பேச்சுக் குறைபாடுகள் அல்ல. வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். 'இந்தக் குழந்தையின் ஊரில், இதே வயதுக் குழந்தைகள் எப்படிப் பேசுகிறார்கள்?' என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அவர்களிடமிருந்து வேறுபட்டால் மட்டுமே சிக்கல். பாடநூல் ஒலிப்பைக் கற்றுத்தருவது நம் கடமைதான். அதற்காக வீட்டுப் பேச்சைக் கேலிக்கு உள்ளாக்கினால் பேசும் குழந்தையும் வாயை மூடிக்கொள்ளும்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், வாக்ரிபோலி, இந்தி பேசும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். பள்ளிக்கு வந்த புதிதில் அவர்கள் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. தாய்மொழியில் நன்றாகப் பேசுகிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் அது புதிய மொழியைக் கற்கும் காலம். தாய்மொழியிலும் தடுமாறினால்தான் அடுத்த கட்டத்தை யோசிக்க வேண்டும். 'வீட்டிலும் தமிழ் மட்டுமே பேசுங்கள்' என்று அறிவுறுத்த வேண்டியதில்லை. முதல் மொழியில் வலுவாக இருக்கும் குழந்தைக்கே இரண்டாவது மொழி எளிதாகிறது.

ஏன் விளையாட்டு?

'சொல்லு பார்க்கலாம்' என்று நேருக்கு நேர் நிறுத்திக் கேட்பது சோதனை. பேச்சில் தடுமாறும் குழந்தை நாள் முழுவதும் இப்படிச் சோதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தோற்கிறது. விளையாட்டில் மூன்று செய்திகள் மாறுகின்றன. பேசுவதற்கு ஓர் உண்மையான தேவை வருகிறது: சொன்னால்தான் பொருள் கையில் கிடைக்கும். ஒரே சொல்லைப் பத்து முறை சொன்னாலும் சலிப்பதில்லை. தவறினாலும் அடுத்த முறை வரும்; யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

கீழே உள்ள விளையாட்டுகளைக் குழந்தையைத் தனியே பிரித்து நடத்த வேண்டாம். முழு வகுப்பும் ஆடட்டும். அந்தக் குழந்தைக்கு உரிய படியை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள்.

1. ரகசியப் பை

ஒரு துணிப்பையில் கரண்டி, தேங்காய் ஓடு, பஞ்சு, புளியங்கொட்டை, சீப்பு, வேப்பங்குச்சி என்று கையில் கிடைப்பதைப் போடுங்கள். ஒரு குழந்தை கண்ணால் பார்க்காமல் கையை விட்டு ஒரு பொருளைத் தடவி, பெயரைச் சொல்லாமல் வருணிக்க வேண்டும்: 'வழவழன்னு இருக்கு, சின்னதா இருக்கு, புளிக்குள்ள இருக்கும்.' மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

பேசவே தயங்கும் குழந்தைக்கு முதல் படி, மேசையில் உள்ள அதே போன்ற பொருளைச் சுட்டுவது. அடுத்த படி, 'மெத்துன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?' என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வது. மூன்றாம் படி வாக்கியம். ஒரே ஆட்டத்தில் மூன்று படிகளும் நடக்கலாம். மொழுமொழு, சொரசொர, பிசுபிசு போன்ற இரட்டைக்கிளவிகள் குழந்தைகளின் நாவில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். சொல்வளம் குறைந்த குழந்தைக்கு இவை நல்ல தொடக்கம்.

2. கேட்டது கிடைக்கும் கடை

ஒலி மாற்றிச் சொல்லும் குழந்தைகளுக்கான விளையாட்டு இது. கவைத் தவாகச் சொல்லும் குழந்தைக்குக் காய் – தாய், கட்டு – தட்டு, கடி – தடி என்ற இணைகளைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். லகர, ளகர வேறுபாட்டுக்குப் பல்லி – பள்ளி, புலி – புளி ஆகியவை பொருந்தும்.

முதலில் நீங்கள் கேட்பவர், குழந்தை கடைக்காரர். 'ஒரு காய் கொடுங்க' என்றால் சரியான படத்தை எடுத்துத் தர வேண்டும். இரண்டு ஒலிகளையும் காதில் பிரித்தறிய முடிகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். அது உறுதியான பிறகு இடம் மாறுங்கள். குழந்தை காயை மனத்தில் வைத்துக்கொண்டு 'தாய்' என்றால், தாய் படத்தையே எடுத்துக் கொடுங்கள். குழந்தை திகைக்கும், 'அது இல்ல' என்று சொல்லும். 'ஓ, காயா? நாக்கைப் பின்னால இழுத்துச் சொல்லுவோம், க… காய்' என்று நீங்கள் சொல்லிக் காட்டலாம். ஒலி மாறினால் பொருளே மாறிப்போகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்வதுதான் இந்த விளையாட்டின் பயன். நூறு முறை 'தப்பு' என்று சொல்வதை விட இது நன்றாகப் பதிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒலி மாறும்போது அருவருப்பான பொருள் தரும் சொற்களை முன்கூட்டியே விலக்கிவிடுங்கள். மற்ற பிள்ளைகள் அதையே பட்டப்பெயராக வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து தவறும்படி விடாதீர்கள். முடிகிற ஒரு சொல்லைக் கேட்டு வாங்கி, வெற்றியோடு அன்றைய ஆட்டத்தை முடியுங்கள்.

3. பல்லாங்குழியில் சொல்

சில குழந்தைகள் நீண்ட சொற்களின் நடுப்பகுதியை விழுங்கிவிடும். 'கத்தரிக்காய்' அவர்கள் வாயில் 'கக்காய்' ஆகும். சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று குழியில் போடச் சொல்லுங்கள்: த–வ–ளை, மூன்று, பம்–ப–ரம், மூன்று, கத்–த–ரிக்–காய், நான்கு, பட்–டாம்–பூச்–சி, நான்கு. பல்லாங்குழி இல்லையெனில் தரையில் வட்டங்கள் போதும். கை தட்டலாம், நொண்டியடித்தும் தாண்டலாம். கை ஒவ்வொரு துண்டுக்கும் நின்று செல்வதால் வாயும் நின்று செல்கிறது.

சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் இத்திறன் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கும் அடிப்படை. 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் எழுத்து அறிமுகத்துக்கு முன்பு ஐந்து நிமிடம் இதைச் செய்யலாம்.

4. எல்லோரும் சொல்லும் வரி

கதை சொல்லும்போது அடிக்கடி திரும்பி வரும் ஒரு சிறு வரியை அமையுங்கள். காணாமல்போன ஆட்டுக்குட்டியைப் பாட்டி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோழியிடம் கேட்கிறார், குளத்திடம் கேட்கிறார், வைக்கோல் போரிடம் கேட்கிறார். ஒவ்வொன்றும் 'நான் பார்க்கல, அங்க கேளு!' என்கிறது. மூன்றாம் முறை நீங்கள் 'நான் பார்க்கல…' என்று நிறுத்தினால் வகுப்பே மீதியைச் சொல்லும். கூட்டத்தோடு சேர்ந்து சொல்வதில் தனியாக மாட்டிக்கொள்ளும் பயமில்லை. ஒரு சொல்லை மட்டும் சொன்னாலும் குழந்தை கதையில் பங்கேற்றுவிட்டது.

மறுநாள் அதே கதையை நான்கு படங்களாகக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 'முதல்ல', 'அப்புறம்', 'அதனால', 'கடைசியில' என்ற நான்கு சொற்களையும் அட்டைகளாக வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டையை எடுத்துப் பேசச் செய்யுங்கள். துண்டு துண்டாகப் பேசும் குழந்தைக்கு இச்சொற்கள் பிடித்து நடக்கும் கயிறு போல உதவும். நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அதை எழுதுவதும் எளிதாகும்.

5. பேருந்து விளையாட்டு

இரண்டு வரிசை நாற்காலி, ஓர் ஓட்டுநர், ஒரு நடத்துநர், பயணிகள். 'எங்க போகணும்?' 'மதுரைக்கு ஒண்ணு.' 'சில்லறை இருக்கா?' பேச வேண்டிய வரிகள் குறைவு. அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். என்ன பேசுவது, எப்போது பேசுவது என்று குழம்பும் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு, இந்த நிச்சயம் பெரிய ஆறுதல். பேச்சு இன்னும் வராத குழந்தை விசில் ஊதும் நடத்துநராக இருக்கலாம். ஊர்ப்படம் உள்ள அட்டையை நீட்டிப் பயணச்சீட்டு வாங்கலாம்.

படத்தைக் காட்டிப் பழகினால் பேசவே மாட்டான் என்ற அச்சம் பெற்றோருக்கு மட்டுமன்றி நமக்கும் உண்டு. அது தேவையற்றது. தன் தேவையைத் தெரிவிக்க ஒரு வழி கிடைத்த குழந்தையிடம் அழுகையும் அடம்பிடித்தலும் குறைகின்றன. படங்களைப் பயன்படுத்துவது பேச்சு வருவதைத் தடுப்பதில்லை. 'தண்ணீர்', 'கழிப்பறை', 'வலிக்குது', 'போதும்', 'இன்னும் வேணும்', 'உதவி' என்று ஆறு படங்கள் ஒட்டிய ஓர் அட்டை அந்தக் குழந்தையின் மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

6. பொம்மை பேசுகிறது

பழைய காலுறை, தீப்பெட்டி, காகிதக் குவளை எதுவும் பொம்மையாகலாம். வெள்ளை வேட்டிக்குப் பின்னால் கைபேசி விளக்கு இருந்தால் நிழல் கூத்து தயார். வீட்டில் கலகலப்பாகப் பேசிவிட்டுப் பள்ளியில் வாயே திறக்காத குழந்தைகள் உண்டு. இது பிடிவாதமன்று, ஒருவகைப் பதற்றம். அவர்களைப் பேச வைக்கப் பரிசு காட்டுவதும் மிரட்டுவதும் பதற்றத்தைக் கூட்டும். எல்லோர் கண்ணும் பொம்மையின் மேல் இருக்கும்போது குழந்தைக்குக் கொஞ்சம் மறைவிடம் கிடைக்கிறது. முதலில் பொம்மை தலையாட்டட்டும்; பிறகு நண்பனின் காதில் கிசுகிசுக்கட்டும். ஒருநாள் குரல் வெளியே வரும்போது, 'அடடா, பேசிட்டியே!' என்று கைதட்டி ஆரவாரம் செய்யாமல், அந்தப் பொம்மையோடு இயல்பாகப் பேச்சைத் தொடருங்கள்.

7. தடுப்புக்கு அப்பால்

இது உயர்நிலை வகுப்புகளுக்கும் ஏற்றது. இரு மாணவர்கள் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். ஒருவரிடம் ஒரு படம். அதைச் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். தொடக்க வகுப்பில் 'வீட்டுக்குப் பக்கத்துல ஒரு மரம்'. எட்டாம் வகுப்பில் ஒரு வடிவியல் உருவம், ஒரு மின்சுற்று, ஆறுகள் குறித்த ஒரு வரைபடம். வரைந்து முடித்ததும் இரண்டையும் ஒப்பிடுவார்கள். 'மேலே', 'இடப்பக்கம்', 'இணையாக' என்ற சொற்கள் எவ்வளவு தேவை என்பது அப்போது தெரியும். கேட்பவர் 'எந்தப் பக்கம்?' என்று திருப்பிக் கேட்கவும் கற்கிறார். புரியாததைக் கேட்டுத் தெளிவுபெறுவது மொழித்திறனில் முக்கியமான பகுதி. மொழிச் சிக்கல் உள்ள பல மாணவர்கள் புரியாமலேயே தலையாட்டிப் பழகியிருப்பார்கள்.

நாம் பேசும் முறை

எந்த விளையாட்டை நடத்தினாலும் பயன் நாம் மறுமொழி சொல்லும் விதத்தைப் பொறுத்தது.

காத்திருங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு வினாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று வினாடியாகவும் அதற்கு மேலும் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. தாமாக முன்வந்து பேசியவர்களும் கூடினர். பேச்சில் தடுமாறும் குழந்தைக்கு இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

விரித்துச் சொல்லுங்கள். குழந்தை 'நாய் ஓடு' என்றால், 'அப்படிச் சொல்லக் கூடாது, திருத்திச் சொல்லு' என்று நிறுத்தாதீர்கள். 'ஆமா, நாய் ஓடுது. கறுப்பு நாய் வேகமா ஓடுது' என்று நீங்கள் முழுமையாக்குங்கள். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. சரியான வடிவம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் ஒருநாள் நாவுக்கு வரும்.

தெரிவு கொடுங்கள். 'பந்து வேணுமா?' என்றால் தலையாட்டலோடு முடிந்துவிடும். 'பந்து வேணுமா, பம்பரம் வேணுமா?' என்றால் ஒரு சொல் தேவைப்படும்.

தேவையை உண்டாக்குங்கள். படம் வரையத் தாளைக் கொடுத்துவிட்டு வண்ணக் குச்சியை மறந்ததுபோல இருங்கள். மூடி திறக்க முடியாத டப்பாவில் புளியங்கொட்டைகளை வையுங்கள். குழந்தை உங்களைப் பார்க்கும், சைகை காட்டும், பிறகு கேட்கும். மிகைப்படுத்தி அழவைத்துவிடாமல் புன்னகையோடு செய்ய வேண்டிய சின்னக் குறும்பு இது.

திக்கும் மாணவரும் வருகைப்பதிவும்

திக்குதல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. பலருக்குத் தானே சரியாகிவிடுகிறது, சிலருக்குத் தொடர்கிறது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். மற்றவரைப் பார்த்துப் பழகியதாலோ பயந்ததாலோ இது வருவதில்லை. பரம்பரைக் கூறுகளுக்கும், பேச்சை இயக்கும் மூளைச் செயல்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. பதற்றம் இதைக் கூட்டும்.

அந்த மாணவருக்கு ஒரு நாளின் கடினமான நொடி எது தெரியுமா? பாடம் அன்று, வருகைப்பதிவு. 'உள்ளேன் ஐயா' என்பதற்குப் பதிலாக வேறு சொல்லைப் போட முடியாது. தன் முறை நெருங்கி வருவதை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் வருகைப்பதிவு முடிந்த பிறகு பள்ளிக்குள் வருவதையே வழக்கமாக்கிக்கொண்டார். தாமதத்துக்குக் கிடைத்த தண்டனை, அந்த ஒரு சொல்லை விட அவருக்கு எளிதாக இருந்தது. வகுப்பாசிரியர் செய்த மாற்றம் சிறியது: எல்லோருக்குமே கையைத் தூக்கலாம், 'வந்திருக்கேன்' எனலாம், அன்று பிடித்த ஒரு சொல்லைச் சொல்லலாம் என்று விதியைத் தளர்த்தினார். அந்த மாணவருக்கு மட்டும் என்று தனிச்சலுகை அறிவிக்கவில்லை. சில வாரங்களில் அவர் மணி அடிக்கும் முன்பே வரத் தொடங்கினார்.

திக்கும் மாணவரிடம் 'மெதுவாப் பேசு', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு' என்று கூறுவதும், சொல்லை நாமே முடித்துவைப்பதும் உதவாது. சொல்வது என்ன என்பதில் கவனம் வைத்து, முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதே உதவி. சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் பெரும்பாலானோருக்குத் திக்கல் குறைகிறது. எனவே தனியே வாசிக்கச் சொல்வதற்கு முன் இணையாக வாசிக்க விடுங்கள். இலக்கிய மன்றத்திலும் கலைத் திருவிழாவிலும் பங்கேற்க அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். அவராக வேண்டாம் என்று சொல்லாமல் நாமே ஒதுக்கிவிடக் கூடாது. கடிகாரம் வைத்து ஓட்டும் பேச்சுப் போட்டிகளில் நேர வரம்பைத் தளர்த்துங்கள். அக்டோபர் 22 உலகத் திக்குதல் விழிப்புணர்வு நாள். அன்று வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாம். ஆனால் அந்த மாணவரின் சம்மதமில்லாமல் அவரை எடுத்துக்காட்டாக நிறுத்தாதீர்கள்.

ஊதினால் பேச்சு வருமா?

பலூன் ஊதுதல், மெழுகுவத்தி அணைத்தல், நாக்கை இடவலமாக அசைத்தல் போன்றவற்றைப் பேச்சுப் பயிற்சி என்று பல இடங்களில் செய்கிறோம். குழந்தைகளுக்கு இவை மகிழ்ச்சி தரும். ஆனால் ஊதுவதால் ஒலி திருந்தும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. ஒலி, சொல், வாக்கியம் என்று பேசிப் பழகுவதில்தான் பேச்சு திருந்துகிறது. ஐந்து நிமிடம் கிடைத்தால் அதைச் சொற்களோடு ஆடும் விளையாட்டுக்குச் செலவிடுங்கள்.

வீடுகளில் வசம்பை நாக்கில் தேய்ப்பதும், 'இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருப்பதும் வழக்கம். பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 'முதல்ல காது நல்லாக் கேக்குதான்னு பார்த்துடுவோம்மா' என்று தொடங்கினால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். செவித்திறன் சோதனைதான் உண்மையிலும் முதல் படி. அடிக்கடி காதில் சீழ் வடியும் குழந்தைக்கு விட்டுவிட்டுக் கேட்கும். பாதி ஒலிகளே காதில் விழுந்தால் பேச்சும் பாதியாகத்தான் இருக்கும்.

எப்போது மேற்பரிந்துரை?

விளையாட்டு, சிகிச்சைக்கு மாற்றன்று. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

• முதல் வகுப்புக் குழந்தையின் பேச்சு வீட்டார் அல்லாதவர்களுக்குப் புரியவில்லை.
• பின்னாலிருந்து அழைத்தால் திரும்புவதில்லை. உங்கள் உதட்டையே பார்க்கிறது.
• 'புத்தகத்தை எடுத்துட்டு வந்து மேசையில வை' போன்ற இரண்டு படிக் கட்டளையைத் தொடர்ந்து தவறவிடுகிறது.
• மூக்கால் பேசுகிறது; அல்லது உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு இருந்திருக்கிறது.
• குரல் பல வாரங்களாகக் கரகரப்பாக இருக்கிறது.
• திக்கும்போது முகம் இறுகுகிறது, கண் மூடிக்கொள்கிறது, பேசுவதையே தவிர்க்கிறது.
• முன்பு பேசிய சொற்களை இப்போது பேசுவதில்லை.

கடைசியில் சொன்னதை உடனடியாக மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவற்றுக்கு உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் தெரிவியுங்கள். பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடமும் குழந்தையைக் காட்டலாம். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளோரைப் பரிசோதிக்கும் இத்திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. தேவைப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் செவித்திறன் குறைபாடும் பேச்சு, மொழிக் குறைபாடும் அடங்கும். சான்று பெற்ற மாணவர்களுக்குத் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. பத்தாம் வகுப்பில் தேடி அலைவதைவிடத் தொடக்க வகுப்பிலேயே பதிவு செய்வது நல்லது.

ஒரு சிறு குறிப்பேடு

தேதி, விளையாட்டு, குழந்தை தானாகச் சொன்னது, உதவியோடு சொன்னது என்று நான்கு கட்டங்கள் போதும். வாரத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். 'பேருந்து விளையாட்டு: தானாக, விசில் மட்டும். உதவியோடு, "போ".' மூன்று வாரம் கழித்து, 'தானாக, "போலாம்".' அன்றாடம் பார்க்கும் நமக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது, ஏட்டில் தெரியும். பெற்றோரிடம் காட்டவும், அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்கவும், பேச்சுப் பயிற்சி வல்லுநர் திட்டமிடவும் இந்த ஏடு உதவும்.

ஏழு விளையாட்டுகளையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். உங்கள் வகுப்பில் குரல் கேட்காத குழந்தை யார் என்று முதலில் ஒரு நாள் கவனியுங்கள். அந்தக் குழந்தையை மனத்தில் வைத்து ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் ஆடுங்கள். எங்கள் வள மையத்திலிருந்து நாங்கள் வரும்போது அந்த ஏட்டை எடுத்து வையுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சேர்ந்து திட்டமிடுவோம்.